முடக்குவாத மருந்து ஆய்வில் சேருவதற்கு முன்: காரைக்குடி, தேவகோட்டைப் பக்கத்து நோயாளிகளுக்கு

மதுரையிலோ திருச்சியிலோ சென்னையிலோ நீங்கள் காட்டும் வாத நோய் டாக்டர், "புது மருந்து ஒன்றுக்கு ஆய்வு நடக்கிறது, சேர விருப்பமா?" என்று கேட்டிருப்பார். அல்லது வழக்கமான மெத்தோட்ரெக்சேட் மாத்திரையை மாதக்கணக்கில் போட்டும் விரல் வீக்கம் இறங்காமல், பயாலஜிக்கல் (உயிரணுக்களைக் கொண்டு தயாரிக்கும் மருந்து) ஊசியின் விலையைக் கேட்டு மலைத்து, ஆய்வு வழியாக இலவசமாகக் கிடைக்குமா என்று நீங்களே தேடிக்கொண்டிருப்பீர்கள். இந்தக் கட்டுரை இரு தரப்புக்கும்தான். ருமட்டாய்டு ஆர்த்ரைட்டிஸ் எனும் முடக்குவாதத்தை மனதில் வைத்து எழுதியது. லூபஸ், முதுகெலும்பு வாதம், சொரியாசிஸ் மூட்டுவாதம் உள்ளவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். ஆய்வு நடப்பது மருந்தைப் பற்றித் தெரிந்துகொள்வதற்காக. உங்கள் வைத்தியம் அதற்குள், அதன் விதிகளுக்கு உட்பட்டு நடக்கும். எந்த மருந்து கிடைக்கும் என்பதை உங்கள் டாக்டர் முடிவு செய்வதில்லை, குலுக்கல் முடிவு செய்யும். பெரும்பாலான ஆய்வுகளில் உங்களுக்கு விழுந்தது எது என்று அவருக்கும் தெரியாது. இதை வீட்டில் எல்லோரும் புரிந்துகொண்ட பிறகு அடுத்த படிக்குப் போங்கள்.

1. நோயின் பெயரைக் காகிதத்தில் உறுதி செய்துகொள்ளுங்கள்

"மூட்டுவாதம்" என்று சீட்டில் எழுதியிருந்தால் போதாது. தேய்மானம், யூரிக் அமிலம் கூடியதால் வரும் கவுட், சிக்குன்குனியா காய்ச்சலுக்குப் பின் மாதக்கணக்கில் நிற்கும் மூட்டு வீக்கம் எல்லாவற்றையும் ஊரில் ஒரே பெயரில்தான் சொல்கிறோம். முடக்குவாத ஆய்வில் இவை எதற்கும் இடமில்லை. சிக்குன்குனியா வீக்கம் இரண்டு கையிலும் சமமாக வந்து முடக்குவாதம் போலவே தெரியும். அதனால் மூட்டு வலி தொடங்கிய சமயத்தில் காய்ச்சல் இருந்ததா, வீட்டில் மற்றவர்களுக்கும் வந்ததா என்பதை நினைவுபடுத்தி எழுதி வையுங்கள்.

பெரும்பாலான ஆய்வுகள் 2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய வாத நோய் அமைப்புகள் சேர்ந்து வெளியிட்ட அளவுகோலைப் பயன்படுத்துகின்றன. எத்தனை மூட்டு, எந்த மூட்டு என்பதற்கு 5 வரை, முடக்குவாதத்தின் எதிர்ப்புப் பொருள்களைப் பார்க்கும் ஆர்.எஃப். மற்றும் ஆன்ட்டி-சி.சி.பி. ரத்தப் பரிசோதனைக்கு 3 வரை, அழற்சியைக் காட்டும் ஈ.எஸ்.ஆர். அல்லது சி.ஆர்.பி. கூடியிருந்தால் 1, மூட்டுத் தொல்லை தொடங்கி ஆறு வாரம் ஆகியிருந்தால் 1. மொத்தம் 10-ல் 6 அல்லது அதற்கு மேல் வந்தால் முடக்குவாதம் என்று எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் கூட்டிப் பார்க்க வேண்டியதில்லை. ஆனால் ஆர்.எஃப்., ஆன்ட்டி-சி.சி.பி. இரண்டின் பழைய ரிப்போர்ட்டும், கை கால் எக்ஸ்ரேயும் கைவசம் இருக்க வேண்டும். ஆன்ட்டி-சி.சி.பி. ஒருமுறைகூடப் பார்த்ததில்லை என்றால், டாக்டரிடம் கேட்டு அதை எடுத்துவிடுங்கள்.

2. அந்த ஆய்வு பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள்

இந்தியாவில் நடக்கும் மருந்து ஆய்வுகளுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நடத்தும் பொதுப் பதிவேடு இருக்கிறது. சி.டி.ஆர்.ஐ. என்று பெயர். 2007-ல் தொடங்கியது. 2009 ஜூன் 15 முதல் பதிவு கட்டாயம். யார் வேண்டுமானாலும் இணையத்தில் காசு கட்டாமல் பார்க்கலாம். டாக்டரிடமோ, ஆய்வு வேலைகளைக் கவனிக்கும் ஒருங்கிணைப்பாளரிடமோ பதிவு எண்ணைக் கேளுங்கள். சி.டி.ஆர்.ஐ. என்ற எழுத்துகள், ஆண்டு, மாதம், பிறகு ஒரு வரிசை எண் என்று சாய்கோடுகளோடு இருக்கும். எண்ணைச் சொல்லத் தயங்குகிற இடத்தில் மேற்கொண்டு பேச வேண்டாம்.

பக்கத்தைத் திறந்ததும் பார்க்க வேண்டியவை இவை. உங்கள் மருத்துவமனையின் பெயர் ஆய்வு இடங்களின் பட்டியலில் இருக்கிறதா? நோயாளிகளின் பாதுகாப்புக்காக ஆய்வைப் பரிசீலிக்கும் அந்த மருத்துவமனையின் நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்திருக்கிறதா, இன்னும் காத்திருக்கிறதா? இந்தியாவில் ஆள் சேர்ப்பு நடக்கிறதா? உலக நிலவரம் தனியாகவும் இந்திய நிலவரம் தனியாகவும் போட்டிருக்கும், மாற்றிப் படித்துவிடாதீர்கள். பதிவான தேதி முதல் நோயாளி சேர்ந்த தேதிக்கு முந்தியதா? 2018 ஏப்ரல் 1-க்குப் பிறகு, ஆள் சேர்க்கத் தொடங்கும் முன்பே பதிவு செய்தாக வேண்டும் என்பது விதி. கடைசியாக, எந்தக் கட்டம் என்று பாருங்கள். முடக்குவாத நோயாளிகளை அழைப்பது பெரும்பாலும் 2, 3, 4-ஆம் கட்ட ஆய்வுகள். 2-ஆம் கட்டத்தில் சரியான அளவையே இன்னும் தேடிக்கொண்டிருப்பார்கள். 3-ஆம் கட்டத்தில் கூடுதல் பேரிடம் ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். 4-ஆம் கட்டம் ஏற்கெனவே விற்பனையில் இருக்கும் மருந்து.

சேர்ப்பதற்குப் பணம் கேட்பவர், "ஆய்வில் இடம் வாங்கித் தருகிறேன்" என்று நடுவில் வருபவர், பெயர் போடாத மருந்தை "புது ரிசர்ச்" என்று விற்பவர் யாரும் ஆய்வு நடத்துபவர்கள் இல்லை. முறையான ஆய்வில் சேர நீங்கள் ஒரு ரூபாயும் கட்ட வேண்டியதில்லை.

3. கோப்பு தயார் செய்யுங்கள்

ஆய்வுக்குப் பொருந்துவாரா என்று பார்க்கும் தேர்வுப் பரிசோதனையில் தள்ளிப் போகிறவர்களில் பலர் நோயின் காரணத்தால் தள்ளிப் போவதில்லை, மருந்துகளின் தேதி தெரியாததால் தள்ளிப் போகிறார்கள். எனவே இதற்கு ஒரு முழு நாள் ஒதுக்குங்கள். இடம்பெற வேண்டியவை:

— ஆதார், முகவரிச் சான்று, பிறந்த தேதிக்கான சான்று. ஆதாரில் தேதி தவறாக இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள்.
— இதுவரை பார்த்த எல்லா டாக்டர்களின் சீட்டும், தேதி வரிசையில். சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ பிள்ளைகளோடு இருந்தபோது பார்த்த வைத்தியத்தின் ரிப்போர்ட்டும் சேர்த்து. அங்கிருந்து வாங்கி அனுப்பிய மருந்துகளும் கணக்கில் வரும்.
— மருந்துப் பட்டியல்: பெயர், அளவு, தொடங்கிய தேதி, அளவு மாற்றிய தேதி, நிறுத்திய தேதி, நிறுத்தியதற்குக் காரணம்.
— மூட்டுக்குள் போட்ட ஊசி, இடுப்பில் போட்ட ஸ்டீராய்டு ஊசி ஒவ்வொன்றின் தேதியும்.
— அறுவை சிகிச்சை, காசநோய், மஞ்சள் காமாலை, அக்கி, புற்றுநோய், ரத்தக்கட்டு, மாரடைப்பு பற்றிய பழைய காகிதங்கள். வீட்டில் யாருக்காவது காசநோய் இருந்திருந்தால் அதுவும்.
— தடுப்பூசி அட்டை.
— நாமினியின் பெயர், முகவரி, உறவு. ஒப்புதல் படிவத்தில் இதற்கு இடம் உண்டு. உங்கள் கல்வி, தொழில், ஆண்டு வருமானமும் கேட்பார்கள். சட்டப்படி படிவத்தில் இருக்க வேண்டிய விவரங்கள் இவை, பயப்படத் தேவையில்லை.
— வங்கிப் புத்தகத்தின் முதல் பக்க நகல், பயணச் செலவு திரும்பி வருவதற்கு.

மருந்துப் பட்டியலில் மெத்தோட்ரெக்சேட் பற்றிக் கூடுதலாக எழுதுங்கள். அது வாரத்துக்கு ஒரே நாள் போடும் மாத்திரை. எந்தக் கிழமை, எத்தனை மி.கி., ஃபோலிக் அமிலம் எந்தக் கிழமை என்று தனித்தனியாக இருக்கட்டும். அதைத் தினமும் போட்டால் வாய்ப்புண்ணில் தொடங்கி எலும்பு மஜ்ஜை வரை கெட்டு உயிருக்கே ஆபத்தாகும். வீட்டில் மருந்து எடுத்துக் கொடுப்பவர் யாராக இருந்தாலும் அவருக்கும் இது தெரிந்திருக்க வேண்டும்.

நாட்டு மருந்தை மறைக்காதீர்கள். தைலம், கசாயம், லேகியம், பஸ்பம், சூரணம் எதுவானாலும் எழுதுங்கள். முடக்கத்தான் தோசையைப் பற்றி யாரும் கவலைப்படப் போவதில்லை. கவலை, பெயர் ஒட்டாமல் பொட்டலத்தில் வரும் பொடியும் மாத்திரையும்தான். சாப்பிட்ட இரண்டே நாளில் வலி பறந்துவிட்டது என்றால் அதில் ஸ்டீராய்டு கலந்திருக்க வாய்ப்புண்டு. அதைத் திடீரென்று நிறுத்துவதும் ஆபத்து. பொட்டலத்தையே எடுத்துப்போய் டாக்டரிடம் காட்டுங்கள்.

4. இருக்கும் மருந்தை நீங்களாக நிறுத்தாதீர்கள், கூட்டாதீர்கள்

"நோய் அதிகமாக இருந்தால்தான் சேர்ப்பார்களாம்" என்று கேள்விப்பட்டு மருந்தை விட்டுவிடுகிறார்கள். இதனால் இரண்டு வகையிலும் நஷ்டம். மூட்டு கெடும். அதோடு விதிப்படியே நீங்கள் வெளியே போய்விடுவீர்கள். ஏனென்றால் பல ஆய்வுகள் மெத்தோட்ரெக்சேட்டைக் குறைந்தது மூன்று மாதம் போட்டிருக்க வேண்டும், கடைசிச் சில வாரங்கள் அளவு மாறாமல் இருக்க வேண்டும் என்று கேட்கின்றன. பிரட்னிசலோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை போடுபவராக இருந்தால், பொதுவாக நாளுக்கு 10 மி.கி.க்கு மேல் போகாமல், அதுவும் நிலையான அளவில் இருக்க வேண்டும். திருவிழா வருகிறது, கல்யாணம் வருகிறது, நடக்க முடியவில்லை என்று நடுவில் ஒரு ஸ்டீராய்டு ஊசி போட்டுக்கொண்டால் மறுபடியும் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

லெஃப்ளூனோமைடு என்ற முடக்குவாத மாத்திரை போட்டவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நிறுத்திய பிறகும் அது உடம்பில் வெகுகாலம் தங்கும், சிலருக்கு இரண்டு ஆண்டு வரைகூட. அதை வெளியேற்றக் கொலஸ்டிரமின் பொடி 8 கிராம் வீதம் நாளுக்கு மூன்று வேளை, 11 நாள் கொடுப்பது வழக்கம். ஆய்வு டாக்டர் சொல்லாமல் இதைச் செய்ய வேண்டாம். "எப்போதோ நிறுத்திவிட்டேனே" என்று அதைப் பட்டியலில் விட்டுவிடவும் வேண்டாம்.

குழந்தை பெறும் வயதில் உள்ளவர்கள் கவனிக்க: மெத்தோட்ரெக்சேட்டும் லெஃப்ளூனோமைடும் கருவைப் பாதிக்கும். ஆய்வுக் காலத்திலும் முடிந்த பிறகு சில காலமும் கருத்தடை கட்டாயம். சில ஆய்வுகள் ஆண்களிடமும் இதைக் கேட்கும். ஓராண்டுக்குள் குழந்தை வேண்டும் என்று குடும்பத்தில் எண்ணம் இருந்தால் இந்த ஆய்வு உங்களுக்கு வேண்டாம். டாக்டரிடம் அதை வெளிப்படையாகச் சொன்னால் கர்ப்பத்துக்கு ஏற்ற மருந்துக்கு மாற்றித் தருவார்.

5. ஒப்புதல் படிவம்: வீட்டுக்குக் கொண்டுபோய்ப் படியுங்கள்

இந்தக் கட்டுரையில் ஒரு பகுதியை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள்.

படிவம் இரண்டு பகுதி. முதலில் பல பக்கங்களில் தகவல் தாள், பிறகு கையெழுத்துத் தாள். நெறிமுறைக் குழு ஒப்புதல் தந்த தமிழ்ப் பிரதியைக் கேளுங்கள். அதன் அடியில் பதிப்பு எண்ணும் தேதியும் இருக்கும். ஆங்கிலப் பிரதியை வைத்துக்கொண்டு வாயால் தமிழில் சொல்வதை ஏற்காதீர்கள். அன்றே கையெழுத்துப் போட வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை. "வீட்டில் படித்துவிட்டு அடுத்த வாரம் சொல்கிறேன்" என்று தாராளமாகச் சொல்லலாம். அதனால் உங்கள் வழக்கமான வைத்தியம் பாதிக்கப்படக் கூடாது என்பது விதி.

அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, அல்லது கண் சரியாகத் தெரியவில்லை என்றால், ஆய்வைச் சேராத ஒரு நடுநிலைச் சாட்சி முழு நேரமும் உடன் இருந்து, தாளில் உள்ளதுதான் சொல்லப்பட்டது என்று கையெழுத்திட வேண்டும். ஒருங்கிணைப்பாளரோ அந்தப் பிரிவின் நர்ஸோ சாட்சியாக முடியாது. முற்றிலும் புதிய மூலக்கூறு மருந்து என்றால், எளிதில் வற்புறுத்தலுக்கு உள்ளாகக்கூடியவர்களிடம் ஒப்புதல் வாங்குவதை வீடியோவாகப் பதிவு செய்ய வேண்டும் என்பதும் 2019-ஆம் ஆண்டின் புதிய மருந்துகள் மற்றும் மருந்து ஆய்வு விதிகளில் உண்டு.

படித்துவிட்டு இவற்றைக் கேளுங்கள். பதிலைத் தாளின் ஓரத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

மருந்துபோலவே தோன்றினாலும் உள்ளே மருந்தே இல்லாத வெற்று மருந்து விழ வாய்ப்பு எவ்வளவு? இரண்டில் ஒன்றா, மூன்றில் ஒன்றா? வெற்று மருந்து விழுந்தாலும் மெத்தோட்ரெக்சேட் தொடருமா? எந்த வாரத்தில், எவ்வளவு முன்னேற்றம் இல்லையென்றால் மாற்று மருந்து தருவார்கள்? பல ஆய்வுகளில் இது 12 முதல் 16-ஆம் வாரம். அது எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள், இல்லாத ஆய்வில் சேர நாங்கள் யாருக்கும் சொல்ல மாட்டோம். மூட்டு ஒருமுறை அரித்துவிட்டால் அது திரும்பி வராது. இதே மருந்துக் குடும்பத்தில் தெரிந்த ஆபத்துகள் என்ன? உதாரணமாக, ஜேக் தடுப்பான்கள் எனப்படும் மாத்திரைகளில் அக்கி வருவது கூடுதல். 50 வயதைத் தாண்டிய, இதய நோய்க்கான காரணி ஒன்றாவது உள்ள நோயாளிகளிடம் இந்த வகை மாத்திரையான டோஃபாசிட்டினிபை, பயாலஜிக்கல் வகையான டி.என்.எஃப். தடுப்பு ஊசிகளோடு ஒப்பிட்டு 2022-ல் வெளியான பெரிய ஆய்வில், மாரடைப்பு, பக்கவாதம் போன்றவையும் புற்றுநோயும் மாத்திரைப் பக்கம் கூடுதலாக இருந்தன. சர்க்கரை, ரத்த அழுத்தம், புகைப்பழக்கம் இருந்தால் இதைப் பற்றித் தனியாகப் பேசுங்கள். என் ரத்த மாதிரி எங்கே போகிறது, எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள்? ஆய்வு முடிந்த பிறகு மருந்து கிடைக்குமா?

கையெழுத்துடன் தேதியையும் நீங்களே எழுத வேண்டும். கையெழுத்தான பிரதியும் தகவல் தாளும் உங்கள் கைக்கு வந்தாக வேண்டும். "பிறகு தருகிறோம்" என்றால் அங்கேயே உட்கார்ந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கென்று எந்தப் பரிசோதனையும் கையெழுத்துக்கு முன் நடக்கக் கூடாது. ஆய்வின் நடுவில் புதுத் தகவல் வந்து படிவம் மாறினால் மறுபடியும் படித்துக் கையெழுத்திடச் சொல்வார்கள். அது வழக்கம்தான். ஆனால் என்ன மாறியது என்று கேட்காமல் போடாதீர்கள்.

6. தேர்வுப் பரிசோதனை

பொதுவாக நான்கு வாரத்துக்குள் முடிய வேண்டும். ரத்த அணுக்கள், ஈரல், சிறுநீரகம், சி.ஆர்.பி., கொழுப்பு, ஹெபடைட்டிஸ் பி, சி, எச்.ஐ.வி., பெண்களுக்குக் கர்ப்பப் பரிசோதனை, இ.சி.ஜி., நெஞ்சு எக்ஸ்ரே, காசநோய்ப் பரிசோதனை. மூட்டுகளை எண்ணுவார்கள். பல ஆய்வுகளில் குறைந்தது 6 வீங்கிய மூட்டும் 6 வலிக்கும் மூட்டும் வேண்டும்.

காசநோய்ப் பரிசோதனையில் ஒரு நடைமுறைச் சிக்கல் இருக்கிறது. மாண்டோ ஊசி போட்டால் 48 முதல் 72 மணிக்குள் திரும்பப் போய்க் கையைக் காட்ட வேண்டும். காரைக்குடியிலிருந்து போகிறவருக்கு அது இன்னொரு முழுப் பயணம். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிற்றுக்கிழமை வந்து நிற்கும். திங்கள் அல்லது செவ்வாய் போடச் சொல்லுங்கள், அல்லது ரத்தத்திலேயே பார்க்கும் குவாண்டிஃபெரான் இருக்கிறதா என்று கேளுங்கள். உறங்கும் காசநோய் (கிருமி உடம்பில் இருந்தும் நோயாக வெளிப்படாத நிலை) இருப்பதாக வந்தால் பயப்பட வேண்டாம். தடுப்பு மாத்திரை தொடங்கி, பெரும்பாலும் ஒரு மாதமாவது போட்ட பிறகு ஆய்வு மருந்து தருவார்கள். தடுப்பு மாத்திரையை முழுக் காலமும் முடிக்க வேண்டும்.

தேர்வாகாமல் போவதற்குப் பெண்களிடம் அடிக்கடி காணும் காரணம் ரத்தசோகை. ஹீமோகுளோபின் எல்லை 8, 9, 10 என ஆய்வுக்கு ஆய்வு மாறும். அது எவ்வளவு என்று முதலிலேயே கேட்டு, குறைவாக இருந்தால் காரணம் பார்த்துச் சரி செய்துவிட்டுப் போனால் ஒரு பயணம் மிச்சம். தேர்வாகவில்லை என்றாலும் பரிசோதனை முடிவுகளின் நகலைக் கேட்டு வாங்குங்கள். வெளியே எடுத்தால் செலவாகும் பரிசோதனைகள் அவை. மறுமுறை முயலலாமா என்பதும் ஆய்வின் விதிகள் அடங்கிய ஆவணத்தில் இருக்கும், கேளுங்கள்.

7. செலவும் பயணமும்

ஆய்வு மருந்தும் ஆய்வுப் பரிசோதனைகளும் இலவசம். கேட்டுத் தெளிய வேண்டியவை அவற்றுக்கு வெளியே இருக்கின்றன. மெத்தோட்ரெக்சேட், ஃபோலிக் அமிலம், கால்சியம் யார் வாங்குவது? சர்க்கரை மாத்திரை நிச்சயம் உங்கள் செலவு. பயணப்படி ஒரு வருகைக்கு எவ்வளவு, துணைக்கு வருபவருக்கும் உண்டா, பேருந்துக் கட்டணமா வாடகைக் காரா, ரசீது வேண்டுமா? தொகை வருகைதோறும் பகிர்ந்து வர வேண்டும். எல்லாம் கடைசியில்தான், முழுக்க முடித்தால்தான் என்று வைப்பது முறையல்ல.

ஆறு மாத ஆய்வு என்றால் தேர்வையும் சேர்த்து ஏறக்குறைய 9, 10 வருகை. முதல் மாதத்தில் நெருக்கமாக வரும், பிறகு மாதம் ஒன்று. மதுரையும் திருச்சியும் காரைக்குடியிலிருந்து சுமார் 90 கி.மீ. பேருந்தில் இரண்டு, இரண்டரை மணி. காலையில் மூட்டுகள் இறுகிப்போகிறவருக்கு ஐந்து மணிக்கு எழுந்து கிளம்புவதே பெரும்பாடு என்பதால், பதினொரு மணிக்கு மேல் நேரம் கேளுங்கள். ஆனால் வெறும் வயிற்று ரத்தம் உள்ள நாளில் அது நடக்காது. அந்த நாட்களை மட்டும் முன்கூட்டிக் கேட்டுக் குறித்துக்கொண்டு, ரத்தம் கொடுத்த கையோடு சாப்பிட இட்லியைக் கட்டி எடுத்துப் போங்கள். சென்னை ஆய்வு என்றால் விடிகாலைப் பல்லவன் ரயிலில் போனால் எழும்பூர் சேர நண்பகல் ஆகிவிடும், காலை ரத்தத்துக்கு உதவாது. ராமேசுவரத்திலிருந்து காரைக்குடி வழியாக வரும் இரவு ரயில்தான் வழி. கீழ்ப் படுக்கை கிடைக்கும்படி முன்பே பதிவு செய்யுங்கள்.

ஒவ்வொரு வருகைக்கும் முன்பின் மூன்று நாள் என்பதுபோல் ஒரு சலுகைக் காலம் உண்டு. அட்டவணையைக் கையில் வாங்கியதும் தைப்பூசப் பாதயாத்திரை, மாசிச் சிவராத்திரிக்குக் குலதெய்வக் கோயில், வீட்டுக் கல்யாணம், வெளிநாட்டுப் பயணம் எல்லாவற்றையும் நாட்காட்டியில் ஒப்பிட்டுப் பாருங்கள். பழனிக்கு நடக்கிற நாட்களில் வருகை விழுந்தால் சேரும் முன்பே சொல்லிவிட வேண்டும்.

8. வருகை நாளில் செய்ய வேண்டியவை

மூட்டுகளை எண்ணுபவர் பெரும்பாலும் வேறொரு டாக்டராக இருப்பார். உங்களுக்கு எந்த மருந்து, என்ன பக்கவிளைவு என்று அவருக்குத் தெரியக் கூடாது. அவரிடம் மருந்தைப் பற்றிப் பேசாதீர்கள். எந்த மூட்டை அழுத்தினால் வலிக்கிறது என்று மட்டும் சொல்லுங்கள்.

டாஸ்-28 என்ற மதிப்பெண்ணில் 28 மூட்டுகள்: தோள் 2, முழங்கை 2, மணிக்கட்டு 2, கைவிரல் அடி மூட்டு 10, அதற்கு அடுத்த மூட்டு 10, முழங்கால் 2. இதோடு ரத்த அளவும், உங்கள் நோய் எப்படி இருக்கிறது என்று 0 முதல் 100 வரை நீங்கள் இடும் மதிப்பும் சேரும். 5.1-க்கு மேல் என்றால் தீவிரம், 2.6-க்குக் கீழ் என்றால் தணிந்த நிலை. கணுக்காலும் கால்விரலும் இதில் இல்லை. உங்களுக்குப் பாதத்தில்தான் பிரச்சினை என்றால் அதைத் தனியாகச் சொல்லிப் பதிவு செய்யச் சொல்லுங்கள். மதிப்பெண் நன்றாக வந்து கால் கெட்டுக்கொண்டிருப்பது நடக்கிற விஷயம்.

கேள்வித்தாளில் கடந்த ஒரு வாரத்தில் உடுத்துவது, எழுவது, சாப்பிடுவது, நடப்பது, பிடிப்பது பற்றி 0 முதல் 3 வரை கேட்பார்கள். ஊரில் வேலை செய்தே பழகிய பெண்கள் "சிரமமில்லை" என்று போட்டுவிடுகிறார்கள். மருமகள் இடியாப்பம் பிழிந்து தருவதால்தான் சிரமமில்லை என்றால், அது "சிரமமில்லை" என்ற கணக்கில் வராது. உதவி எடுத்துச் செய்வதையும் எழுத வேண்டும். டாக்டர் மனம் நோகுமே என்று குறைத்தும் போடாதீர்கள், மருந்து கிடைக்க வேண்டுமே என்று கூட்டியும் போடாதீர்கள். இந்தத் தாளை வைத்துத்தான் நாளைக்கு இன்னொருவருக்கு அந்த மருந்து தரலாமா என்று முடிவாகிறது.

சில ஆய்வுகளில் வருகைக்கு முந்தைய 24 மணி நேரம் வலி மாத்திரை கூடாது. கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். காலி அட்டை, மீந்த மாத்திரை, பயன்படுத்திய ஊசிப் பேனா, நாட்குறிப்பு எல்லாவற்றையும் திருப்பிக் கொண்டுபோக வேண்டும். ஒரு வேளை விட்டுப்போனால் அப்படியே எழுதுங்கள். மாத்திரையைக் குப்பையில் போட்டுக் கணக்கைச் சரிக்கட்ட வேண்டாம்.

ஊசி மருந்து வீட்டுக்குத் தந்தால் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஃப்ரிட்ஜின் நடுத் தட்டில், பின்சுவரில் ஒட்டாமல் வையுங்கள். ஃப்ரீசரில் வைத்து உறைந்த ஊசி வீண், உருகினாலும் போடக் கூடாது. பயணத்தில் ஐஸ் கட்டி ஊசியைத் தொடாதபடி துணி சுற்றிய பெட்டி. மின்சாரம் நீண்ட நேரம் போயிருந்தால் எத்தனை மணி நேரம் என்று குறித்துக்கொண்டு, போடும் முன் போன் செய்து கேளுங்கள்.

9. நடுவில் உடம்புக்கு ஏதாவது வந்தால்

ஆய்வு அட்டை ஒன்று தருவார்கள். ஆய்வின் பெயர், மருந்தின் வகை, 24 மணி நேரத் தொலைபேசி எண் அதில் இருக்கும். அதைப் பர்ஸில் ஒன்று, போனில் படம் ஒன்று என வையுங்கள். காய்ச்சல், விடாத இருமல், ஒரு பக்கமாக எரிச்சலோடு கொப்புளம், மூச்சுத்திணறல், ஒரு கால் மட்டும் வீங்குவது ஆகியவற்றுக்கு அன்றே போன் செய்யுங்கள், அடுத்த வருகை வரை காத்திருக்க வேண்டாம்.

அவசரத்துக்கு உள்ளூர் டாக்டரிடம் போனால் முதலில் அட்டையைக் காட்டுங்கள். மெத்தோட்ரெக்சேட்டோடு கோ-ட்ரைமாக்சசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரை சேர்ந்தால் ரத்த அணுக்கள் ஆபத்தான அளவுக்கு இறங்கலாம். சிறுநீர்த் தொற்றுக்கு அது எழுதப்படுவது உண்டு. உயிருள்ள கிருமி வகைத் தடுப்பூசிகள் கூடாது. ஆப்பிரிக்க நாடுகளுக்குப் போகக் கேட்கும் மஞ்சள் காய்ச்சல் ஊசி அந்த வகை. ஆனால் நாய் கடித்தால் ரேபிஸ் ஊசியை ஒரு நாளும் தள்ளிப் போடாதீர்கள். அது உயிரற்ற கிருமியில் செய்தது. முதலில் ஊசி, பிறகு ஆய்வு மையத்துக்குப் போன்.

மருத்துவமனையில் சேரும்படி ஆனால் ஆய்வு டாக்டர் 24 மணிக்குள் மத்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்புக்கும், ஆய்வை நடத்தும் நிறுவனத்துக்கும், நெறிமுறைக் குழுவுக்கும் தெரிவிக்க வேண்டும். அவருக்கே தெரியாவிட்டால் எப்படித் தெரிவிப்பார்? அதனால் வீட்டார் உடனே சொல்ல வேண்டும். ஆய்வால் வந்த பாதிப்பு இல்லை என்று தெரியும் வரை, தேவையான காலம் முழுதும் மருத்துவச் செலவு ஆய்வு நடத்துபவருடையது. டிஸ்சார்ஜ் சுருக்கம், பில், மருந்து ரசீது அத்தனையும் மூலப் பிரதியாகப் பத்திரப்படுத்துங்கள்.

ஆய்வால் பாதிப்பு என்று உறுதியானால் இழப்பீடு உண்டு. உயிரிழப்புக்கான கணக்கு 8 லட்சத்தை அடிப்படையாக வைத்து, வயதுக் காரணியாலும் நோயின் ஆபத்துக் காரணியாலும் (0.5 முதல் 4 வரை) பெருக்கி, 99.37-ஆல் வகுப்பது. 65 வயதைத் தாண்டியவருக்கு வயதுக் காரணி 99.37 என்பதால், ஆபத்துக் காரணி 2 என்று கொண்டால் 16 லட்சம். அரசு உத்தரவு வந்த 30 நாளுக்குள் தர வேண்டும். தரமான சிகிச்சை இருந்தும் அதைத் தராமல் வெற்று மருந்து கொடுத்ததால் வந்த பாதிப்பும் இதில் சேரும். இவை அனுமதி பெற்று நடக்கும் நிறுவன ஆய்வுகளுக்கான விதிகள். மருத்துவக் கல்லூரிகள் தாமே நடத்தும் கல்விசார் ஆய்வுக்கு ஐ.சி.எம்.ஆர்.-இன் 2017 நெறிமுறைகள் பொருந்தும், இழப்பீட்டை யார் தருவார் என்று அங்கே தனியாகக் கேளுங்கள். உங்கள் சொந்த மருத்துவக் காப்பீட்டை நம்பி இறங்காதீர்கள். நிரூபிக்கப்படாத சிகிச்சைக்குப் பணம் இல்லை என்ற விலக்கு பல பாலிசிகளில் இருக்கிறது.

ஆய்வு டாக்டரிடம் சொல்ல முடியாத குறை என்றால் நெறிமுறைக் குழுவின் செயலருக்கு எழுதலாம். பெயரும் எண்ணும் உங்கள் படிவத்திலேயே இருக்கும். அந்தக் குழுவில் குறைந்தது ஏழு பேர், அவர்களில் சட்டம் தெரிந்தவரும், பெண் ஒருவரும், பொதுமக்களில் ஒருவரும் இருக்க வேண்டும். பாதிப் பேராவது அந்த மருத்துவமனையைச் சேராதவர்கள்.

10. விலகுவதும் முடிப்பதும்

எப்போது வேண்டுமானாலும், காரணம் சொல்லாமலும் விலகலாம். ஆனால் வராமல் நின்றுவிடாதீர்கள். சொல்லிவிட்டு, கடைசிப் பாதுகாப்புப் பரிசோதனைக்கு ஒருமுறை போய் ரத்தம் கொடுத்துவிட்டு வாருங்கள். அது உங்கள் ஈரலுக்கும் ரத்த அணுக்களுக்கும் வேண்டியது.

முடித்தவர்களுக்கு ஒரு உரிமை உண்டு. மருந்து உங்களுக்குப் பலன் தந்து, அதற்கு மாற்றுச் சிகிச்சை இல்லாத நிலையில், ஆய்வு டாக்டர் பரிந்துரைத்து நெறிமுறைக் குழு ஒப்புக்கொண்டால் ஆய்வுக்குப் பிறகும் இலவசமாகத் தர விதியில் இடம் இருக்கிறது. முடக்குவாதத்துக்கு வேறு மருந்துகள் இருப்பதால் இது எளிதில் கிடைக்காது. அதனால் கடைசி வருகைக்கு இரண்டு மாதம் முன்பே உங்கள் வழக்கமான டாக்டரைப் பார்த்து, அடுத்து என்ன மருந்து, மாதம் எவ்வளவு ஆகும், முதலமைச்சர் காப்பீட்டு அட்டையில் ஏதாவது கிடைக்குமா என்று பேசி வையுங்கள். ஆய்வு ஊசி நின்று அடுத்த மருந்து தொடங்கும் வரை இடைவெளி விழுந்தால் வீக்கம் திரும்பும்.

கிளம்பும்போது ஒரு கடிதம் கேளுங்கள்: ஆய்வின் பெயர், பதிவு எண், தொடங்கிய, முடிந்த தேதி, முதல் மற்றும் கடைசி டாஸ்-28, கடைசி ரத்தப் பரிசோதனை, காசநோய்ப் பரிசோதனையின் முடிவு, வந்த பக்கவிளைவுகள். உங்களுக்கு விழுந்த மருந்து எது என்பது உலகம் முழுதும் ஆய்வு முடிந்த பிறகுதான் திறக்கப்படும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம். அப்போது தெரிவிக்கும்படி எழுத்தில் ஒரு வேண்டுகோளும், மாறாத ஒரு கைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு வாருங்கள்.